கொடைக்கானல் ஏறும்போது கார் கண்ணாடியை ஆவி மூடுகிறதா? கம்ப்ரஸரைத் தொடாதீர்கள்

திருமங்கலத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், தேவையானதை மட்டும் தருகிறேன்.

"அண்ணே, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கினேன். இந்த மார்கழியில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், மலைப்பாதையில் ஊத்துங்கிற ஊர் தாண்டினதும் தூறல் ஆரம்பிச்சுது. முன்சீட்டில் இருந்த மாமனார் குளிருதுன்னு ஏசியை அணைக்கச் சொன்னார், வெளியே இருக்கிற பனி உள்ளே வந்துரும்னு கண்ணாடியையும் ஏத்தச் சொன்னார். அணைச்ச ஒரு நிமிஷத்தில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளையா மூடிருச்சு. ஒரு கையால் துண்டை வைச்சுத் துடைச்சுக்கிட்டே ஓட்டி, பெருமாள்மலையில் ஓரங்கட்டிட்டேன். ஊருக்கு வந்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் கம்ப்ரஸர் வீக், மாத்தணும், இருபதாயிரம் ஆகும்னு சொல்றாங்க. ஆனால் மதுரையில் ஏசி ஐஸ் மாதிரிதான் வருது. மாத்தலாமா? பொங்கல் லீவில் மறுபடி மலைக்குப் போகணும். இன்னொன்று, மழைக்காலத்தில் மதுரையிலேயே காலையில் ஏசி போட்டுப் போகும்போது கண்ணாடி மூடுது, வைப்பர் போட்டால் போயிடுது. அதுவும் இதுவும் ஒண்ணா?"

தம்பி, முதலில் அந்த இருபதாயிரத்தை பத்திரமாக வையுங்கள். கம்ப்ரஸரை, அதாவது ஏசிக்குக் குளிர் தருகிற வாயுவை அழுத்தித் தள்ளுகிற பம்ப்பை, மாற்ற வேண்டாம். மதுரையில் ஐஸ் மாதிரி காற்று வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் எப்படி அது வீக் ஆகும்? கம்ப்ரஸர் போயிருந்தால் சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதே பிள்ளைகள் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியில் ஒரு குறை இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அது ஹீட்டர் பக்கம், அதற்குப் பிறகு வருகிறேன். அன்றைக்குக் கண்ணாடி மூடியதற்கு முக்கால்வாசிக் காரணம் மாமனார் சொன்ன அந்த இரண்டு யோசனைதான். அவரைக் குறை சொல்லவில்லை. மலைக்குப் போய்விட்டு வந்து என் பட்டறையில் புலம்புகிற ஆட்கள் கிட்டத்தட்ட எல்லாருமே அதே இரண்டையும்தான் செய்திருப்பார்கள், கார் ஏசி வேலைக்கு வருவதற்கு முன்னால் நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ஜிகர்தண்டா டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேச்சுக் கொடுத்தீர்கள் என்றால் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து, மணிக்கட்டு வரை வழியும். அது உள்ளே இருந்து கசிந்த பால் இல்லை. நம்மைச் சுற்றியிருக்கிற காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த தண்ணீர். சூடான காற்று நிறையத் தண்ணீரைத் தாங்கும், குளிர்ந்த காற்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது, அதனால் டம்ளரை ஒட்டியிருக்கிற காற்று குளிர்ந்ததும் தாங்க முடியாததை அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது. கார் கண்ணாடியும் ஒரு டம்ளர்தான். எந்தப் பக்கத்துக் காற்று சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறதோ அந்தப் பக்கம் வியர்க்கும்.

மதுரை கடல் மட்டத்தில் இருந்து நூறு மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமாராக ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு, ஆக வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கி ஏரிக்கரையில் இறங்குவதற்குள் பத்து டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. கதவை எல்லாம் இறுக்கச் சாத்திக்கொண்டு ஏறினால் வண்டிக்குள் மதுரைக் காற்று, வெளியே கொடைக்கானல் காற்று, நடுவில் ஒரே ஒரு கண்ணாடி. வியர்க்காமல் என்ன செய்யும்?

இதோடு உங்கள் ஆறு பேரின் மூச்சைச் சேருங்கள் (ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர், பிள்ளைகள் சின்னவர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்). ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சிலும் தோலிலும் சேர்த்து மணிக்கு சுமார் ஐம்பது கிராம் தண்ணீர் காற்றில் கலக்கிறது. ஆறு பேருக்கு 300 கிராம், பெரிய டம்ளரில் ஒன்றரை டம்ளர் வரும். சின்ன காரின் உள்ளே இருக்கிற காற்று மூன்று கன மீட்டர் தேறினால் அதிகம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய தண்ணீர் 17 கிராம்தான், அப்படியென்றால் மொத்த வண்டிக்கும் சேர்த்து ஐம்பது கிராம் சொச்சம். எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் நீங்கள் ஆறு பேரும் பத்தே நிமிடத்தில் மூச்சு விட்டே அதை நிரப்பிவிடுவீர்கள். வண்டியில் பழுது எதுவும் இல்லாமலே இது நடக்கும்.

இப்போது மாமனாரின் இரண்டாவது யோசனையை முதலில் எடுத்துக்கொள்வோம், வெளியே பனி, அதனால் கண்ணாடியை ஏற்று என்பது. பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். வெளியே மூட்டம், தூறல், ரோடெல்லாம் நனைந்து கிடக்கிறது, அந்தக் காற்றை உள்ளே விட்டால் இன்னும் ஈரம்தானே ஏறும்? ஏறாது. 10 டிகிரிக் குளிரில், மேகமே ரோட்டில் படுத்திருந்தாலும், ஒரு கன மீட்டர் காற்றில் ஆவியாக இருக்கிற தண்ணீர் ஒன்பது, ஒன்பதரை கிராமைத் தாண்டாது. அதே காற்றை உள்ளே இழுத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்குத் தாங்கும் சக்தி 19 கிராமுக்கு மேல் ஆகிவிடுகிறது. அதாவது பாதி வயிறு காலி. கண்ணாடியில் இருக்கிற ஈரத்தையும் உங்கள் மூச்சையும் வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கிற துவாரம் வழியாக வெளியே போய்விடும். பனிமூட்டத்தில் இருக்கிற காற்றுதான் அந்த நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கிற உலர்ந்த காற்று. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் எழுதியிருக்கிற எல்லாவற்றிலும் இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

அதனால் மலை ஏறத் தொடங்கும்போதே, காட்ரோடு செக்போஸ்ட் தாண்டியதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், டேஷ்போர்டில் ஒரு கார் படம் போட்டு அதற்குள்ளேயே அம்புக்குறி வளைந்து சுற்றுகிற மாதிரி ஒரு பட்டன் இருக்கும், பழைய வண்டி என்றால் தள்ளுகிற குமிழாக இருக்கும், அதை வெளிக்காற்று வரும் பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். மதுரையில் நாம் அதைத் தொடுவதே இல்லை. வெயில், தூசி, பைபாஸில் முன்னால் போகிற லாரியின் புகை, இதெல்லாம் உள்ளே வரக்கூடாது என்று வருஷம் முழுக்க உள்காற்றையே சுற்றவிடுகிறோம். சமவெளியில் அது சரிதான், ஏசி சீக்கிரம் குளிரும். மலையில் அதே பட்டன்தான் வில்லன். சில வண்டிகளில் அந்தக் குமிழ் வருஷக்கணக்கில் ஒரே பக்கம் கிடந்து இறுகிப்போயிருக்கும், உள்ளே காற்றுப் பாதையை மாற்றுகிற தட்டியும் தூசி அடைத்து நகராது. வீட்டு வாசலிலேயே பத்து தடவை இரண்டு பக்கமும் மாற்றிப் பார்த்து, ப்ளோயர் (காற்றை ஊதுகிற விசிறி) சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறவில்லை என்றால் தட்டி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது ஏசி. குளிர்கிற இடத்தில் ஏசி எதற்கு என்று மாமனார் கேட்டது எல்லாரும் கேட்பது. ஏசி என்றால் குளிர வைக்கிற மிஷின் என்று மட்டும் நினைக்கிறோம், அது காற்றை உலர்த்துகிற மிஷினும்கூட. டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் இருக்கிறது, பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி மேலே இருக்கும். ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் தண்ணீர் காயிலில் படிந்து, வடிந்து, அடியில் இருக்கிற டிரெயின் பைப் வழியாக ரோட்டில் சொட்டும். மதுரையில் ஏசி போட்டு நிற்கிற காருக்கு அடியில் தண்ணீர் தேங்குமே, அது காற்றில் இருந்து பிழிந்து எடுத்த தண்ணீர். இப்படி உலர்ந்த காற்றை அடுத்து ஹீட்டர் வழியாக அனுப்பினால் சூடாகவும் உலர்ந்தும் வெளியே வரும், கண்ணாடிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. எனவே ஏசி பட்டனைப் போட்டுவிட்டு, நீலமும் சிவப்பும் போட்ட குமிழைச் சிவப்புப் பக்கம் பாதிக்கு மேல் திருப்புங்கள். இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அப்படிப் போடத்தான் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மாமனாருக்கும் குளிராது.

காற்று போகும் திசையை முன்கண்ணாடிக்கு மாற்றுங்கள், விசிறி மாதிரி ஒரு கண்ணாடி வரைந்து மூன்று நெளிந்த அம்பு மேலே போகிற படம். பல வண்டிகளில் அதைப் போட்டதும் ஏசியும் வெளிக்காற்றும் தானாகவே வந்துவிடும். ப்ளோயரை முதலில் மூன்றிலோ நான்கிலோ வையுங்கள், தெளிந்ததும் ஒன்றோ இரண்டோ போதும். ஓரக் கண்ணாடிகள் தெளியவில்லை என்றால் டேஷ்போர்டின் இரண்டு கோடியிலும் இருக்கிற காற்றுவாயை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டால் சைடு மிரர் தெரிகிற அளவுக்குத் தெளியும்.

சரி, ஏசியை அணைத்த ஒரு நிமிடத்தில் மூடிவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் உங்கள் கடிதத்திலேயே எனக்குப் பிடித்த வரி. மதுரையில் இருந்து அடிவாரம் வரை ஏசி ஓடியதில் கூலிங் காயில் முழுக்கத் தண்ணீர் கோத்து நிற்கும். தேன்கூட்டு மாதிரி நெருக்கமான அலுமினிய மடிப்புகள், அதில் ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வையுங்கள். ஏசியை அணைத்ததும் காயில் சூடாகிறது, ப்ளோயர் மட்டும் ஓடுகிறது, ஒட்டியிருந்த தண்ணீர் முழுக்க ஆவியாகித் திரும்ப வண்டிக்குள்ளேயே வருகிறது. நேராகப் போய்க் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. இட்லிப் பானையைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடி மூடுவது மாதிரி, அவ்வளவு வேகத்தில். அதனால் மலைப்பாதையில் ஏசியைப் போட்டுப் போட்டு அணைப்பது எல்லாவற்றையும்விட மோசம். போட்டால் போட்டபடி விடுங்கள். இல்லை, வேண்டவே வேண்டாம் என்றால் அடிவாரத்துக்கு நாலைந்து கிலோமீட்டர் முன்பே அணைத்து, ஜன்னலை இறக்கிவிட்டு, ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காயிலைக் காயவைத்துக்கொண்டு ஏறுங்கள்.

ஏசி போட்டால் வண்டி இழுக்காதே என்பீர்கள். உண்மைதான், சின்ன இன்ஜினில் கம்ப்ரஸர் பாரம் ஏற்றத்தில் நன்றாகவே தெரியும். ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். இப்போது வருகிற பல வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் வண்டியே கம்ப்ரஸரைக் கொஞ்ச நேரம் விட்டுப் பிடிக்கும். ரொம்பத் திணறினால் ஏசியை விட்டுவிட்டு வெளிக்காற்று, சூடு, முன்கண்ணாடி மூன்றையும் வைத்துக்கொண்டு, முன்பக்கம் ஒரு ஜன்னலையும் அதற்கு எதிர்மூலையில் பின்பக்க ஜன்னலையும் இரண்டு விரல் அளவு இறக்குங்கள். ஏசியே இல்லாத காலத்தில் இப்படித்தான் ஓட்டினோம், பின்னால் இருக்கிறவர்களுக்குக் காதுதான் கொஞ்சம் அடைக்கும்.

இனி ஹீட்டர். உங்கள் வண்டியில் ஏதாவது குறை இருந்தால் இங்கேதான் இருக்கும் என்று சொன்னேன், காரணம் இது மதுரைப் பக்கத்து வண்டிகளுக்கே உரிய வியாதி. இந்த ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்? ஹீட்டர் என்பது தனி மிஷின் இல்லை, இன்ஜினில் சுற்றுகிற சூடான கூலன்ட் தண்ணீரை இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருவதுதான். அந்தக் குட்டி ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கினால் மாற்றுவதற்கு டேஷ்போர்டையே கழற்ற வேண்டும், ஒருநாள் வேலை. அதனால் மெக்கானிக் என்ன செய்வார், அந்த இரண்டு ஹோஸையும் உள்ளே போகவிடாமல் வெளியிலேயே ஒன்றோடொன்று சேர்த்து கிளாம்ப் போட்டுவிடுவார். வண்டிக்காரரும் சரி என்பார். நாலு வருஷம் கழித்து அந்த வண்டி கைமாறி உங்களிடம் வரும்போது இந்தக் கதை யாருக்கும் தெரியாது.

போன வருஷம் மூணாறு போய்விட்டு வந்த ஒருவர், போடிமெட்டு ஏறியதில் இருந்து கண்ணாடி தெளியவே இல்லை, ஏசி, வெளிக்காற்று எல்லாம் போட்டும் பார்த்தேன் என்று வண்டியைக் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்தேன். இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில் இரண்டு குழாய் முனை நீட்டிக்கொண்டிருந்தது, இரண்டும் காலி, ஒன்றில் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. பக்கத்தில் இரண்டு ஹோஸும் ஒரு இரும்புக் குழாயில் மாட்டி லாடம் மாதிரி வளைந்து கிடந்தன. அவர் சிவப்புப் பக்கம் திருப்பி என்ன பயன்? வெளியே பத்து டிகிரி என்றால் உள்ளேயும் அந்தப் பத்து டிகிரிக் காற்றைத்தான் ஊதிக்கொண்டிருந்தது.

உங்கள் வண்டியில் பார்ப்பது சுலபம். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, சூட்டுக் குமிழை முழுச் சிவப்பில் வைத்து, பானெட்டைத் திறந்து அந்தத் தகரச் சுவருக்குள் போகிற இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல் பருமன் இருக்கும். சட்டென்று தொட்டு எடுங்கள், சுடும், ஓடுகிற பெல்ட், ஃபேன் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள், ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. இரண்டும் சுட்டால் ஹீட்டர் நன்றாக இருக்கிறது. ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் அடுத்த சந்தேகம் தெர்மோஸ்டாட்.

இது நம்ம ஊரின் இன்னொரு பழைய பழக்கம். இன்ஜின் சூடாகிறது என்றால் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போடுவது. அது கூலன்ட் 80, 90 டிகிரிக்கு வரும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து வைத்து, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குகிற சின்ன வால்வு. அது இல்லாவிட்டால் மதுரையில் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். கொடைக்கானல் குளிரில், அதுவும் இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரே மிதிக்காமல் வரும்போது இன்ஜின் ஆறிப்போய்விடும், ஹீட்டரில் சூடே இருக்காது. சில வண்டிகளில் இன்ஜின் குளிர்ந்திருந்தால் மீட்டரில் நீல விளக்கு எரியும். இறங்கி வரும்போது அந்த நீல விளக்கு மறுபடி வந்தால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். கம்ப்ரஸர் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறைச் செலவு.

அப்புறம் ஒரு விஷயம், வண்டிக்குள் நாமே எடுத்துப்போகிற தண்ணீர். கும்பக்கரையில் குளித்துவிட்டு நனைந்த துணிகளைப் பின்சீட்டுக்கு அடியில் பையில் போட்டுக்கொண்டு மலை ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கியில் இறுக்கமான கவருக்குள் போடுங்கள், ஈரக் குடையும் அப்படித்தான். ஆனால் இதைவிடத் தந்திரமானது தரையில் ஊறிக் கிடக்கிற ஈரம். இடது பக்க முன்சீட்டில், கால் வைக்கிற இடத்தில் மேட்டைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கிற கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் பிதுங்கினால் ஏசி டிரெயின் பைப் அடைத்திருக்கிறது என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம், வெளியே சொட்ட வேண்டியது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொரு சோதனை, மதுரையில் ஏசி போட்டு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தினால் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும், சொட்டவில்லை என்றால் அடைப்பு. வெளிமுனையில் இருந்து மெதுவாகக் காற்று அடித்தால் சேறும் இலைத் துணுக்கும் வந்து விழும், பத்து நிமிட வேலை.

இப்போது எல்லாரும் ஆசைப்பட்டுத் தரை முழுக்க மூடிப் போடுகிற 7டி மேட் இருக்கிறதே, பார்க்க அழகு, ஆனால் வாட்டர் வாஷில் அடியில் போன தண்ணீர் மாதக்கணக்கில் காயாமல் அங்கேயே கிடக்கும், மேலே தொட்டால் எலும்பு மாதிரி உலர்ந்திருக்கும். முக்கல் வாடை வருகிறது என்று வாசனை டப்பா வாங்கி வைப்பார்கள். மேட்டை ஒருநாள் முழுக்கக் கழற்றி, நாலு கதவையும் திறந்து வெயிலில் விடுங்கள், நம்ம ஊரில் வெயிலுக்குப் பஞ்சமா?

ஏசி ஃபில்டரையும் பாருங்கள், பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக. அடைத்திருந்தால் ப்ளோயர் கத்தும், காற்று வராது.

கண்ணாடியின் உள்பக்கத்தை எப்போது கடைசியாகத் துடைத்தீர்கள்? வெளியே தினம் துடைக்கிறோம், உள்ளே ஆயுதபூஜைக்கு ஒருமுறை. வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கில் இருந்து கிளம்புகிற ஆவி, பிள்ளையாருக்குக் காட்டுகிற ஊதுபத்தி, பாலிஷ், எல்லாம் சேர்ந்து மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். அழுக்குக் கண்ணாடியில் ஈரம் சீக்கிரம் பிடிக்கும், பிடித்தால் போகாது. பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு ஒரே ஒரு சொட்டு கலந்த தண்ணீரால் துடைத்து, வெறும் தண்ணீரில் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, கடைசியில் காய்ந்த மைக்ரோ ஃபைபர் துணி. ஓட்டும்போது உள்ளங்கையால் துடைக்காதீர்கள், கை எண்ணெய் ஒட்டி, எதிரே ஹெட்லைட் வந்தால் அந்த இடம் மட்டும் வளையம் வளையமாகத் தெரியும்.

ஷேவிங் கிரீம் தடவலாமா, உருளைக்கிழங்கு தேய்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஷேவிங் கிரீமோ ஷாம்புவோ விடுகிற சோப்புப் படலத்தால் ஈரம் துளித்துளியாக நிற்காமல் பரவிவிடும், அதனால் கொஞ்ச நேரம் தெளிவாகத் தெரியும், பொய்யில்லை. ஆனால் இரவில் எதிர் வெளிச்சம் பட்டால் முழுக் கண்ணாடியும் கூசும், ஹேர்பின் வளைவில் அது ஆகாது. ஓரக் கண்ணாடிக்கு வேண்டுமானால் செய்துகொள்ளுங்கள். லாரி டிரைவர்கள் தேய்க்கிற புகையிலை வெளிப்பக்கத்து மழைக்கு, இதற்கில்லை. சிலிகா ஜெல், உப்பு, அரிசி மூட்டை கட்டி வைப்பதும் அப்படியே. ஒரு கிலோ சிலிகா ஜெல் மூச்சுப் பிடித்து உறிஞ்சினாலும் 300 கிராம் சுமார் தண்ணீர்தான் பிடிக்கும், நீங்கள் ஆறு பேரும் ஒரு மணி நேரத்தில் விடுகிற மூச்சுக்கே அது சரியாகப் போயிற்று. ராத்திரி நிறுத்தி வைக்கிற வண்டிக்குக் கொஞ்சம் உதவும்.

பின்கண்ணாடியில் கோடு இருந்தால் அது டிஃபாகர், கரன்ட்டில் சூடாகிற கம்பி. பட்டனைப் போட்டால் சில நிமிடத்தில் கோட்டை ஒட்டித் தெளியத் தொடங்கும், பல வண்டிகளில் பத்து பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். கரன்ட் நிறையக் குடிக்கும், இன்ஜின் ஓடும்போது மட்டும் போடுங்கள். துடைக்கும்போது கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். அதன்மேல் உள்பக்கமாக ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்று பிளேடால் சுரண்டினால் ஸ்டிக்கரோடு கோடும் வந்துவிடும்.

மதுரை மழைக்காலக் காலையில் நடப்பதாகச் சொன்னது வேறு, அதற்கு நேர் எதிர். அங்கே ஏசி கண்ணாடியைக் குளிர வைக்கிறது, ஈரக்காற்று வெளியே இருக்கிறது, ஜிகர்தண்டா டம்ளரேதான். படிவது வெளிப்பக்கம், அதனால்தான் வைப்பர் போட்டதும் போகிறது. ஏசிக் காற்று முன்கண்ணாடியில் படாமல் முகத்துக்குத் திருப்புங்கள், குளிரை ஒரு புள்ளி குறையுங்கள், போதும். மலையிலும் முதலில் உள்பக்கம் ஒரு விரலால் கோடு போட்டுப் பாருங்கள், கோடு விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே. வைத்தியம் இரண்டுக்கும் தலைகீழ் என்பதால் இது முக்கியம்.

ஒன்றை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹீட்டர் போட்டதும் படிவது பிசுபிசுப்பாக, துடைத்தால் எண்ணெய் மாதிரி இழுபட்டு, இனிப்பான ஒரு வாடையோடு இருந்தால் அது மூச்சுக்காற்றின் ஈரம் இல்லை, ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் ஒழுகி கூலன்ட் ஆவியாக வருகிறது. கூலன்ட் டப்பாவில் அளவும் குறையும். அதைச் சரி செய்யாமல் மலை ஏறக்கூடாது.

ராத்திரி ரூம் கிடைக்கவில்லை என்று ஹீட்டர் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வண்டியில் தூங்க வேண்டாம். சைலன்ஸர் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தை மாதம் விடியற்காலையில் ஏரிப் பக்கம் உறைபனி விழும், வெளியே நிறுத்திய வண்டியின் கண்ணாடி உப்புத் தூவிய மாதிரி இருக்கும், வெந்நீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். பச்சைத் தண்ணீர் ஊற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்து சூட்டை முன்கண்ணாடிக்கு விட்டுக் காத்திருங்கள்.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டைத் தூக்கிப் பாருங்கள், அந்த இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், எது சுடுகிறது எது ஆறியிருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒர்க்‌ஷாப்காரரிடம் கம்ப்ரஸர் பேச்சை எடுக்காமல், தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் தெரிந்துவிடும். மாமனாரை இந்தத் தடவையும் முன்சீட்டிலேயே உட்கார வையுங்கள், சூடான காற்று முதலில் முன்சீட்டுக்குத்தான் வரும். ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.